வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு பிளக்-இன் ஹைபிரிட்டா, முழு மின்சாரக் காரா?

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, இராஜகிரியவில் வேலை, போகிற வழியில் பிள்ளைகளைப் பம்பலப்பிட்டியில் இறக்க வேண்டும், வருடத்தில் நாலைந்து தடவை யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். இதற்குச் செருகிச் சார்ஜ் போடும் பற்றரியும் பெற்றோல் எஞ்சினும் சேர்ந்த பிளக்-இன் ஹைபிரிட் நல்லதா, முழுக்க மின்சாரத்தில் ஓடுவது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். மிட்சுபிஷியின் பிளக்-இன் ஹைபிரிட் ஜீப்பான பழைய அவுட்லாண்டர் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை வாசித்தால் உள்ளே இருக்கிற கேள்வி இதுதான்: வவுனியா தாண்டி, குடும்பத்தோடு, சார்ஜ் இல்லாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? பெற்றோல் டாங்க் ஒன்று கூடவே இருந்தால் நிம்மதி என்று நினைக்கிறீர்கள். பயம் நியாயமானது. ஆனால் அது வருடத்தில் எட்டுப் பத்து நாள் விஷயம். மற்ற நாட்களில் கார் இரவில் எங்கே நிற்கிறது, அந்த இடத்தில் பிளக் இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவேயில்லை. என் பதில் பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கிறது.

நான் வாகன மின்வேலை படித்தவன். கொழும்பில் ஹைபிரிட், மின்சாரக் கார்களின் பற்றரி வேலைதான் பல வருடமாகத் தொழில். என் கைக்கு வருகிறவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தவை: முழு மின்சாரத்தில் ஓடும் நிசான் லீஃப், அவுட்லாண்டர், ஹைபிரிட்டான பிரியஸ். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகுதான் சீனக் கார்கள் இவ்வளவு இறங்கின. அவை நம் வெக்கையில் பத்து வருடம் ஓடி முடித்ததை இன்னும் யாரும் பார்க்கவில்லை. ஆகவே பழையவற்றைப் பற்றி நான் சொல்வது அனுபவம், புதியவற்றைப் பற்றிச் சொல்வது கணக்கு. இரண்டையும் ஒரே எடையில் எடுக்காதீர்கள்.

முதலில், பலருக்குத் தலைகீழாகத் தெரியும் ஒரு விஷயம். வீட்டில் பிளக் இல்லாதவருக்குப் பிளக்-இன் ஹைபிரிட் வசதி என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். உண்மையில் வீட்டுப் பிளக் முழு மின்சாரக் காரைவிட அதற்குத்தான் அதிகம் தேவை. கணக்கைப் பாருங்கள். உங்கள் ஓட்டம் நாளுக்கு முப்பது கிலோமீற்றர் என்று வைப்போம். கொழும்பு நெரிசலில் ஏசியோடு நடுத்தர மின்சாரக் கார் ஒன்று யூனிட்டுக்கு ஆறு கிலோமீற்றர் போகும். பற்றரிக் கொள்ளளவைச் சொல்லும் கிலோவோட் மணி, உங்கள் மின்பட்டியலில் வரும் அதே யூனிட்தான். நாளுக்கு ஐந்து யூனிட் போனால், 60 யூனிட் பற்றரியுள்ள கார் கிழமை முழுக்க ஓடியும் மிச்சம் வைத்திருக்கும். சனிக்கிழமை சாமான் வாங்கப் போகும்போது விரைவு சார்ஜரில் ஒரு மணித்தியாலம் போட்டால் அடுத்த கிழமைக்குச் சரி. முதல் தலைமுறை அவுட்லாண்டரின் பற்றரி 12 யூனிட். அதில் பாவிக்க விடுவது அதற்கும் குறைவு, பழையதென்றால் இன்னும் குறைவு. ஒவ்வொரு இரவும் செருகினால்தான் அது பிளக்-இன். செருகாவிட்டால் ஏறத்தாழ 200 கிலோ பற்றரியைச் சுமந்துகொண்டு போகும் பெற்றோல் ஜீப்.

செருகாமல் ஓட்டுவது இங்கே மட்டும் உள்ள பழக்கமில்லை. ஐரோப்பிய ஆணைக்குழு 2024இல், கார்களுக்குள்ளேயே பதிவான உண்மை எரிபொருள் அளவுகளைத் திரட்டி வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்கள் ஆய்வுகூடத்தில் காட்டிய அளவைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு கரிவாயு விட்டிருந்தன. சாதாரண பெற்றோல், டீசல் கார்களில் அந்த வித்தியாசம் சுமார் 20 வீதம்தான். காரணம் எளிது: சனம் சார்ஜ் போடுவதில்லை. கீழ்த்தளத்தில் கேபிளை விரிக்க வேண்டும், மழைக்குள் சுருட்ட வேண்டும், பெற்றோல் இருக்கிறதுதானே என்று விட்டுவிடுவார்கள். முழு மின்சாரக் காரில் அந்தச் சோம்பலுக்கு இடமில்லை.

ஆகவே அவுட்லாண்டர் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழுவிடம் போங்கள். கேட்க வேண்டியவை: உங்கள் வீட்டு மீற்றரிலிருந்து வாகனத் தரிப்பிடம் வரை தனிக் கேபிள் இழுக்க விடுவார்களா, இல்லாவிட்டால் பொது இணைப்பிலிருந்து உப மீற்றர் வைத்துத் தருவார்களா, கட்டடத்தின் பிரதான இணைப்பு அதைத் தாங்குமா. வெள்ளவத்தையில் பல கட்டடங்கள் மின்சாரக் காரை யாரும் நினைக்காத காலத்தில் எழுந்தவை. முதல் ஆளுக்கு இடம் இருக்கும், பத்தாவது ஆளுக்கு இருக்காது. குழுவில் யாராவது ஒருவர் தீ விபத்து வீடியோவைக் காட்டி மறுப்பார். அவரிடம் சொல்லக்கூடியது இது: கணக்கு வைத்திருக்கிற நாடுகளில் மின்சாரக் கார்கள் பெற்றோல் கார்களைவிடக் குறைவாகவே தீப்பிடிக்கின்றன, ஆனால் பிடித்தால் அணைப்பது கடினம். இரண்டும் உண்மை. நான் கண்டவரை ஆபத்தின் பெரும் பகுதி காரில் இல்லை, பிளக்கில் இருக்கிறது.

பிளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் காண்கிற கருகல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. ஜப்பான் அவுட்லாண்டரோடு வரும் 200 வோல்ட் கேபிள் 15 அம்பியர் இழுக்கும். அதன் ஜப்பான் பிளக் நம் சுவரில் ஏறாது. கார் விற்கிறவர் அதை வெட்டிவிட்டு, கடையில் வாங்கிய 13 அம்பியர் சதுரப் பிளக் ஒன்றைப் பூட்டித் தந்துவிடுவார். கேத்தல், அயன் பெட்டிக்கு அந்தப் பிளக் போதும், அவை சில நிமிடம்தான் ஓடும். கார் மூன்று நாலு மணித்தியாலம் ஒரே இழுவையாக இழுக்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு பியூஸ் பக்கத்துக் கம்பி நிறம் மாறும், பிளாஸ்டிக் மஞ்சளாகும், ஒரு நாள் பிளக்கைக் கழற்றினால் ஒரு கால் சுவருக்குள்ளேயே நின்றுவிடும். தனிக் கம்பி, தனி பிரேக்கர், சுவரில் பூட்டும் சார்ஜர் அல்லது தொழிற்சாலைகளில் வரும் நீல நிற உருண்டைச் சொக்கற், கசிவு மின்னுக்கு ஒரு ட்ரிப் சுவிட்ச். இதற்குக் குறைந்து எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். சார்ஜ் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை எடுக்க வைத்தால் உடனே நிறுத்துங்கள்.

மின்பட்டியல் இன்னொரு பொறி. மாதம் 25 நாள் ஓட்டம், சார்ஜில் போகும் பத்துப் பதினைந்து வீத இழப்பு எல்லாம் சேர்த்தால் காருக்கு மட்டும் 140, 150 யூனிட் வரும். நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 180 யூனிட்டுக்கு மேல் போனால் கடைசிப் படி. ஏசி ஒன்று ஓடும் வீடு ஏற்கெனவே அந்த எல்லையில்தான் நிற்கும், கார் வந்தால் அதன் யூனிட் எல்லாம் மேல் படி விலையில் விழும். நேரத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு மாறினால் இரவு பத்தரை முதல் காலை ஐந்தரை வரை மலிவு. அந்த ஏழு மணித்தியாலத்தில் பத்து அம்பியரில் போட்டாலே 16 யூனிட் ஏறும், உங்களுக்கு மூன்று நாள் ஓட்டம். ஆனால் அந்தக் கட்டணம் முழு வீட்டுக்கும் பொருந்தும். மாலை ஆறரை முதல் பத்தரை வரை விலை உச்சம், அந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் சமையல், ஏசி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். உங்கள் பழைய பில்லை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகவும் கணக்குப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

பற்றரி எவ்வளவு காலம் உழைக்கும் என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியது, வெப்பம் அதற்கு எதிரி. குளிர்நாட்டுக்காரர் பனிக்காலத்தில் தூரம் குறைவதாகக் குறைப்படுவார்கள், நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்குத் தேய்மானம் வருடம் முழுக்க மெதுவாக நடக்கும். பழைய லீஃப் இதற்கு உதாரணம். அதன் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. பற்றரியின் நலத்தை டாஷ்போர்டில் காட்டும் பனிரெண்டு கோடுகளில் முதல் கோடு விழும்போதே ஏறத்தாழ 15 வீதக் கொள்ளளவு போயிருக்கும். கொழும்பில் ஓடிய 24 யூனிட் லீஃப்கள் பல இன்று நகரத்துக்குள் சுற்ற மட்டும்தான் உதவும். திரவத்தால் குளிர்ந்த பற்றரியுள்ள கார்களில் இந்தச் சரிவு இவ்வளவு வேகமாக நடக்கக் காரணமில்லை. சீனாவின் பிவைடி போன்ற நிறுவனங்கள் பாவிக்கும் இரும்பு பொஸ்பேற் வகைப் பற்றரி வெப்பத்தை இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாங்கும், முழுக்கச் சார்ஜ் ஏற்றுவதையும் பொறுக்கும். புதியவற்றைப் பற்றிச் சொல்வது கணக்கு என்று முன்னே சொன்னேனே, அது இதுதான்.

இன்னொன்று சுற்று. சின்னப் பற்றரி அடிக்கடி நிரம்பிக் காலியாகும். உங்கள் ஓட்டத்துக்கு அவுட்லாண்டரின் பற்றரி அநேகமாகத் தினமும் ஒரு சுற்று, வருடத்துக்கு முந்நூறு. அதே தூரத்துக்கு 60 யூனிட் பற்றரிக்கு முப்பது சுற்றுக்கூட வராது. சின்னப் பற்றரி பாதிக்கு வந்தால் மின் ஓட்டமே ஏறத்தாழ இல்லாமல் போகும். பெரியது பாதிக்கு வந்தாலும் நகர ஓட்டத்துக்குத் தாராளம்.

சேர்விஸ் விஷயத்தில் பிளக்-இன் ஹைபிரிட் இரண்டு வண்டியின் வேலையையும் கேட்கும். எஞ்சின் ஓடாவிட்டாலும் ஒயில் காலத்துக்கு மாற்ற வேண்டும். டாங்கில் பெற்றோல் பழசாகக் கூடாது என்பதற்காகக் கொஞ்ச மாதம் புதிதாக ஊற்றாவிட்டால் அவுட்லாண்டர் தானாகவே எஞ்சினை எழுப்பும். அதைப் பழுது என்று நினைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. இரண்டு வகைக்கும் பொதுவான தொல்லை, சின்ன 12 வோல்ட் பற்றரி. பெரிய பற்றரி நிறைய இருக்கும், ஆனால் சின்னது செத்தால் ரிமோட்டில் கதவே திறக்காது, காரும் கிளம்பாது. மரைன் டிரைவ் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்குக் கடல் உப்பு இன்னொரு தலைவலி. மோட்டரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் குறைவாகத்தான் வேலை செய்யும், டிஸ்க்கில் துரு பிடித்து காலிப்பர் இறுகிவிடும். கிழமைக்கு ஒருமுறை ஆளில்லாத நேரத்தில் நாலைந்து தரம் அழுத்திப் பிரேக் பிடியுங்கள், அதற்குச் செலவில்லை.

சரி, யாழ்ப்பாணம். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். நகரங்களுக்கு வெளியே நம் வீதிகளில் காருக்கு எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர்தான், மின்சாரக் காருக்கு அது சாதகமான வேகம். 60 யூனிட் கார் ஆளும் சாமானும் ஏசியுமாக 300 கிலோமீற்றரை நம்பிக்கையாகப் போகும், கடைசிச் சொட்டு வரை ஓட்டாமல். அநுராதபுரத்திலோ வவுனியாவிலோ சாப்பிட நிற்கும்போது அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலம் போட்டால் யாழ்ப்பாணம் சேர்ந்துவிடலாம். 40 யூனிட் லீஃபில் இதே பயணம் இரண்டு நிறுத்தம், பற்றரி சூடாகிவிட்டதால் இரண்டாவதில் சார்ஜ் ஊர்ந்துதான் ஏறும். நான் பயப்படுவது தூரத்துக்கல்ல, ஒற்றை இயந்திரத்துக்கு. ஆப்பில் பச்சையாகக் காட்டும் சார்ஜர் போய்ப் பார்த்தால் வேலை செய்யாது, அல்லது ஒருவர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். அதனால் முதல் சார்ஜருக்கு, அதைத் தாண்டி அடுத்ததுக்கும் போகக்கூடிய சார்ஜோடு போய்ச் சேர வேண்டும். புறப்படுமுன் அந்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். சார்ஜ் வாய் எது என்பதையும் வாங்குமுன் பாருங்கள். ஜப்பான் கார்களுக்குச் சாடெமோ, இலங்கைக்கென்றே வரும் புதியவற்றுக்குச் சிசிஎஸ்2, சீன உள்நாட்டுச் சந்தையிலிருந்து வந்தவற்றுக்கு அது வேறு. கடைசி வகையை வாங்கினால் வழியில் எந்தக் கேபிளும் பொருந்தாமல் நிற்க வேண்டி வரலாம்.

ஊர்வீட்டில் சார்ஜ் போடும்போது ஒன்று நடக்கும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கேபிளில் உள்ள பெட்டி சிவப்பு விளக்குக் காட்டி மறுக்கும். அநேகமாகக் கார் பிழையில்லை, வீட்டில் எர்த் சரியில்லை. பழைய வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும், வெயில் காலத்தில் மண் காய்ந்துபோய் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். கம்பியடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் சிலவேளை அன்றைக்கு வேலை செய்யும். நிரந்தரத்துக்கு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் புதுக் கம்பி இறக்குங்கள். அம்மா அப்பாவின் பாதுகாப்புக்கும் அது தேவை. அதன் பிறகு பத்து அம்பியரில் ஓர் இரவுக்கு 130 கிலோமீற்றர் அளவு ஏறும், மூன்று இரவு தங்கினால் திரும்பி வர ஏறத்தாழ முழுச் சார்ஜ்.

பிளக்-இன் ஹைபிரிட்டில் இந்தக் கவலை ஒன்றுமில்லை என்பதை மறுக்க முடியாது. அவுட்லாண்டரின் டாங்க் 45 லீற்றர். பற்றரி தீர்ந்த பிறகு நீண்ட ஓட்டத்தில் லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் என்று வைத்தாலும் வழியில் ஊற்றாமலே போய்விடலாம். ஒரு யோசனை: கொழும்பு தாண்டியதும் சேவ் பொத்தானை அழுத்திப் பற்றரியைப் பத்திரப்படுத்துங்கள், குருநாகல், வவுனியா நெரிசலில் அதை எடுத்து ஓடுங்கள். எஞ்சினை வைத்துப் பற்றரியை நிரப்பும் சார்ஜ் பொத்தானை மட்டும் தேவையில்லாமல் தொடாதீர்கள், பெற்றோல் வீணாகும்.

2022 திரும்பி வந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த வருடம் மார்ச் முடிவில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது, ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். மின்சாரக் கார் வைத்திருந்தவர்கள் கரன்ட் இருந்த மிச்ச நேரத்தில் போட்டு ஓடினார்கள், பெற்றோல்காரர் செட்டில் இரவுகளைக் கழித்தார்கள். இரண்டு வழியும் உள்ள கார் அந்த மாதங்களில் எல்லோரையும்விட நிம்மதி, அது உண்மை. மின்வெட்டில் அவுட்லாண்டரே வீட்டுக்குக் கரன்ட் தரும் என்று சொல்லி விற்கிறார்களே, அதற்கு மயங்காதீர்கள். ஜப்பான் வண்டியில் வரும் சொக்கற் 100 வோல்ட், 1500 வோட். உங்கள் பிரிட்ஜை நேரே செருக முடியாது.

விலையை நான் சொல்லப் போவதில்லை, வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறுகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஹைபிரிட்டுக்கு உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவை வைத்து, மின்சாரக் காருக்கு மோட்டரின் கிலோவோட்டை வைத்து. ஆகவே பெரிய எஞ்சின் பிளக்-இன்னும் பலமான மோட்டர் மின்சாரக் காரும் விலையில் தேவையில்லாமல் எகிறும். வீதியில் 70இல் போகிறவருக்கு 150 கிலோவோட் மோட்டர் எதற்கு?

உங்கள் இடத்தில் நான் இருந்தால், தரிப்பிடத்தில் பிளக் கிடைத்தால் 50 முதல் 60 யூனிட், திரவக் குளிரூட்டல் உள்ள முழு மின்சாரக் கார்தான். பிளக் கிடைக்காவிட்டாலும், இராஜகிரிய அலுவலகத்திலோ வழியிலோ நம்பக்கூடிய விரைவு சார்ஜர் இருந்தால் அதே முடிவு, கிழமைக்கு ஒருநாள் அலைச்சலை ஏற்றுக்கொண்டு. இரண்டும் இல்லையென்றால் அக்குவா மாதிரி, செருகத் தேவையில்லாத சாதாரண ஹைபிரிட் வாங்குங்கள், பிளக்-இன் வேண்டாம். பிளக்-இன் யாருக்கு என்றால், சொந்த வீடும் பிளக்கும் இருக்கிறவர், வீட்டில் ஒரே கார், கிழமைக்குக் கிழமை மட்டக்களப்போ மலையகமோ போகிறவர். அவருக்கு 18 யூனிட் பற்றரியுள்ள புதிய வகை ஒன்று நகரத்துக்குள் எழுபது கிலோமீற்றர் பெற்றோல் இல்லாமல் ஓடும், வெளியூருக்குக் கேள்வியே இல்லை. நீங்கள் அவர் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்படியும் அந்த அவுட்லாண்டரில் மனம் போனால், காசு கொடுக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி சாதனம் ஒன்றைச் செருகி, பற்றரியின் கொள்ளளவு எத்தனை அம்பியர் மணி என்று காட்டச் சொல்லுங்கள். 12 யூனிட் பற்றரி புதிதில் 40. முப்பதுக்கு மேல் இருந்தால் வயதுக்குப் பரவாயில்லை. பற்றரியில் உள்ள 80 செல்களின் வோல்ட்டையும் பாருங்கள், ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிட்டு விலகி நின்றால் விட்டுவிடுங்கள். பிறகு முழுச் சார்ஜோடு ஏசி போட்டு கொழும்பு-காலி வீதியில் மொரட்டுவைப் பக்கம் ஓட்டிப் பாருங்கள், எஞ்சின் எத்தனையாவது கிலோமீற்றரில் எழும்புகிறது என்று. இருபதுக்குள் எழும்பினால், பற்றரிக்கென்று ஒரு சதமும் சேர்க்காமல் வெறும் பெற்றோல் ஜீப்பின் விலையைச் சொல்லுங்கள். அந்த ஓட்டத்துக்கு விற்கிறவர் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.